இரு தரப்புக் கேமராக்கள்: ஸ்பானிய உள்நாட்டுப் போரும் ஆவணப்படமும்

முன்னுரை

ஓர் உள்நாட்டுப் போரில் ஒரே ஊரில், சில வேளைகளில் ஒரே குடும்பத்தில் பிறந்தவர்கள் எதிரெதிர் அணிகளாகப் பிரிந்து நிற்கையில், அவர்களைப் படமெடுக்கும் கேமராக்களும் பிரிந்து நிற்கின்றன. அப்பிரிவில் பிறந்த படங்களைப் பின்வந்த தலைமுறையினர் எவ்வாறு பார்க்க வேண்டும், அவற்றை எந்த அளவுக்குச் சான்றாக ஏற்கலாம் என்பதே இச்சொற்பொழிவின் பொருள். அதற்குரிய களமாக, 1936 ஜூலை 17, 18 ஆகிய நாள்களில் தொடங்கி 1939 ஏப்ரல் 1 அன்று முடிவுற்ற ஸ்பானிய உள்நாட்டுப் போர் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. பேசும்படம் பரவலான பிறகு ஐரோப்பாவில் நடந்த முதல் பெரும்போர் அது என்பதும், இரு தரப்பாரும் அவர்களுக்குத் துணைநின்ற அயல்நாட்டாரும் அதைத் தொடர்ந்து படமாக்கினர் என்பதும், போர் முடிந்த பின்னும் அப்படங்கள் பல பத்தாண்டுகள் மீண்டும் மீண்டும் எடுத்தாளப்பட்டன என்பதும் இத்தேர்வுக்கான காரணங்கள்.

1936 பிப்ரவரித் தேர்தலில் இடதுசாரிக் கட்சிகளும் குடியரசுக் கட்சிகளும் சேர்ந்த மக்கள் முன்னணி வென்று ஆட்சி அமைத்தது. அவ்வாட்சிக்கு எதிராகப் படைத்தளபதிகள் சிலர் கிளர்ந்தெழுந்தனர். அவர்களுள் பிரான்சிஸ்கோ பிராங்கோ விரைவில் தலைமையைக் கைப்பற்றினார். ஆட்சியைக் காக்க நின்றவர்களைக் குடியரசுத் தரப்பு என்றும், கிளர்ந்தெழுந்தவர்களை அவர்கள் தமக்குச் சூட்டிக்கொண்ட பெயராலேயே தேசியவாதத் தரப்பு என்றும் குறிப்பது வரலாற்று நூல்களின் வழக்கமாதலின், இங்கும் அதுவே பின்பற்றப்படுகிறது.

இச்சொற்பொழிவு நிறுவ முயலும் கருத்து ஒன்றே. ஒரு காட்சித்துண்டு, அதாவது கேமரா ஒரே மூச்சில் பதிவுசெய்த ஒரு படப்பகுதி, தானாக எந்தத் தரப்புக்கும் சாட்சி சொல்வதில்லை. அதை யார் எடுத்தார், எங்கு நின்று எடுத்தார், எதை எடுக்காமல் விட்டார், பிறகு அதன்மீது யார் எந்த விளக்கவுரையை ஏற்றினார் என்பவை தெரிந்த பிறகே அது சான்றாகும் தகுதியைப் பெறுகிறது.

கருவிகளின் பங்கீடு

போர் வெடித்த வேளையில் ஸ்பெயினின் திரைப்படத் தொழில் மாட்ரிட், பார்சிலோனா ஆகிய இரு நகரங்களில் குவிந்திருந்தது. ஸ்டூடியோக்களும் பிலிமைக் கழுவிப் பிரதியெடுக்கும் லேப்களும் பெரும்பாலும் அவ்விரு நகரங்களிலேயே இருந்தமையாலும், கிளர்ச்சி அவ்விரண்டிலும் தோல்வியுற்றமையாலும், தொழிலின் கருவிகள் ஏறத்தாழ முழுமையாகக் குடியரசுத் தரப்பின் வசமாயின. தேசியவாதத் தரப்புக்குக் கிடைத்தது தற்செயலாக வாய்த்த சிறு பங்கு மட்டுமே. சிஃபெஸா நிறுவனத்தின் குழுவொன்று கோர்தோபாவிலும், சி.இ.ஏ. நிறுவனத்தின் குழுவொன்று காதிஸ் துறைமுக நகரிலும் கதைப்படங்களின் வெளிப்புறப் படப்பிடிப்பில் ஈடுபட்டிருந்தபோது அவ்வூர்கள் கிளர்ச்சியாளர் கைக்குப் போயின. அங்கிருந்த கேமராக்களும் தொழில்நுட்பர்களுமே அத்தரப்பின் முதல் ஆவணப்படங்களுக்கு அடித்தளமாயினர். எடுத்த நெகட்டிவைக் கழுவவும் ஒலி சேர்க்கவும் தம் பகுதியில் வசதி இல்லாமையால், அவர்கள் லிஸ்பனையும் பெர்லினையும் நம்பியிருக்க நேர்ந்தது.

இரு தரப்பையும் ஒருசேரக் கட்டுப்படுத்திய தொழில்நுட்ப எல்லை ஒன்றும் உண்டு. போர்முனைக் கேமராமேன்கள் பலர் கையில் ஏந்தியது ஐமோ என்னும் 35 மில்லிமீட்டர் கேமரா. முறுக்கிவிட்ட சுருள்வில்லின் விசையால் இயங்கிய அக்கருவியில் ஒருமுறை முறுக்கினால் அரை நிமிட அளவுக்கே தொடர்ந்து படமெடுக்கலாம். அதில் இட்ட 100 அடிச் சுருள் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடித் தீர்ந்துவிடும். அக்கருவி ஒலியைப் பதியாது. ஆகவே, அப்போரின் ஆவணப்படங்களில் கேட்கும் வெடியோசையும் கூக்குரலும் விளக்கவுரையும் பெரும்பாலும் பின்னர்த் தொலைவிலிருந்த ஒரு கூடத்தில் சேர்க்கப்பட்டவை. காட்சி ஓரிடத்தில், ஓசை வேறிடத்தில், பொருள் மூன்றாவதோர் இடத்தில் பிறந்த இந்நிலையை மனத்தில் கொள்ளாமல் இப்படங்களை மதிப்பிட இயலாது.

குடியரசுத் தரப்பின் பல குரல்கள்

குடியரசுத் தரப்பு ஒரே குரலில் பேசவில்லை. பார்சிலோனாவில் அரசின்மைவாதிகள், அதாவது அரசு என்ற அமைப்பே வேண்டாம் என்று கூறித் தொழிற்சங்கங்களின் வழி சமுதாயத்தை நடத்த விழைந்தவர்கள், திரைப்படத் தொழிலைத் தம் சங்கமான சி.என்.டி.யின் பொறுப்பில் கொண்டுவந்தனர். கம்யூனிஸ்ட் கட்சியின் சார்பில் பிலிம் பாப்புலர் என்னும் நிறுவனமும், காத்தலோனியத் தன்னாட்சி அரசின் பரப்புரைத் துறையின்கீழ் லாயா ஃபிலிம்ஸும் இயங்கின. லாயா ஃபிலிம்ஸ் வெளியிட்ட ‘எஸ்பான்யா அல் தியா’ என்பது செய்திப்படத் தொடர். இந்தியத் திரையரங்குகளில் முதன்மைப் படத்துக்கு முன் காட்டப்பட்ட பிலிம்ஸ் டிவிஷன் செய்திப்படங்களைப் போல, அதுவும் சில நிமிட அளவிலான நிகழ்வுகளின் தொகுப்பாக அரங்குகளை அடைந்தது.

இவ்வமைப்புகளின் படங்களை அடுத்தடுத்துப் பார்ப்பவர் அவற்றினிடையே உள்ள வேறுபாட்டை எளிதில் உணர்வர். அரசின்மைவாதிகளின் படங்களில் போரும் சமுதாயப் புரட்சியும் ஒன்றே; கூட்டுடைமையாக்கப்பட்ட தொழிற்சாலையும் அரகோன் போர்முனையும் ஒரே கதையின் இரு பக்கங்களாக வருகின்றன. கம்யூனிஸ்டுகளின் படங்களிலோ கட்டுப்பாடுள்ள படை, ஒன்றுபட்ட தலைமை, போரில் வெற்றி ஆகியவையே முதலிடம் பெறுகின்றன. 1937 மே மாதம் பார்சிலோனாத் தெருக்களில் இவ்விரு பிரிவினரும் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்ட பகைமையின் வித்தை, அதற்கு முன்பே எடுக்கப்பட்ட இப்படங்களில் காணலாம். ஒரு தரப்பு என்று பிற்காலம் பெயரிட்டு அழைப்பது, உள்ளே பல தரப்புகளைக் கொண்டிருக்கக் கூடும் என்பது இங்குப் பெறப்படும் முதற்பாடம்.

அயல்நாட்டுப் படக்கலைஞரும் இத்தரப்பிலேயே மிகுதியாக வந்து சேர்ந்தனர். 1936 ஆகஸ்டில் வந்த சோவியத் கேமராமேன்களான ரோமன் கார்மெனும் போரிஸ் மக்கசேயெவும் அனுப்பிய சுருள்கள் மாஸ்கோவில் தொடர் செய்திப்படங்களாக வெளியாயின. அவற்றிலிருந்தே எஸ்ஃபிர் ஷூப் 1939-இல் ‘ஸ்பெயின்’ என்னும் தொகுப்புப் படத்தை உருவாக்கினார். தொகுப்புப் படம் என்பது, புதிதாக எடுக்காமல், பிறர் எடுத்த காட்சித்துண்டுகளைத் திரட்டி அடுக்கிப் பொருள் காணும் முறை. ஏறத்தாழ அதே ஆண்டுகளில், பல நாடுகளில் சிதறிக் கிடந்த காட்சிகளைத் தேடித் திரட்டி ஏ.கே. செட்டியார் காந்தியடிகளைப் பற்றிய படத்தை ஆக்கியதைத் தமிழுலகம் அறியும். கனடிய மருத்துவர் நார்மன் பெத்யூனின் இரத்ததானப் பணியைக் காட்டிய ‘ஸ்பெயினின் இதயம்’ (1937) அமெரிக்காவில் மருத்துவ உதவிக்கு நிதி திரட்டப் பயன்பட்டது.

இவற்றுள் மிகுந்த புகழ்பெற்றது டச்சு இயக்குநர் யோரிஸ் ஈவன்ஸின் ‘ஸ்பானிய மண்’ (1937). ஜான் ஃபெர்னோ கேமராவைக் கையாள, ஹெலன் வான் டாங்கன் படத்தொகுப்புச் செய்ய, எர்னெஸ்ட் ஹெமிங்வே எழுதித் தாமே வாசித்த விளக்கவுரையோடு வெளியான அப்படம், மாட்ரிட்டையும் வலென்சியாவையும் இணைக்கும் சாலையருகே உள்ள ஃபுவென்டிடுவேன்யா என்னும் சிற்றூரை மையமாகக் கொண்டது. தரிசாகக் கிடந்த நிலத்துக்கு நீர் கொண்டுவரும் உழவர்களின் உழைப்பும், முற்றுகைக்குள்ளான மாட்ரிட்டுக்குச் செல்லும் சாலையைக் காக்கும் படையினரின் போரும் மாறிமாறி வர, நிலத்தை மீட்டெடுத்தலே இப்போரின் உட்பொருள் என்ற வாதம் காட்சிகளாலேயே கட்டியெழுப்பப்படுகிறது. ஹூலியன் என்ற இளம் படைவீரனை ஊரையும் போர்முனையையும் பிணைக்கும் இழையாக வைக்க ஈவன்ஸ் திட்டமிட்டிருந்தார். ஆனால் போரின் குழப்பத்தில் அவ்விளைஞனை மீண்டும் கண்டுபிடிக்க முடியாமற்போனது. படத்தில் அவன் கதை முடிவின்றி நிற்பது குறையன்று. ஆவணப்படக் கலைஞரின் திட்டத்துக்குப் போர் கட்டுப்படாது என்பதற்கு அது நேர்மையான அடையாளம். அப்படம் 1937 ஜூலையில் வெள்ளை மாளிகையில் அதிபர் ரூஸ்வெல்ட்டுக்குக் காட்டப்பட்டது; பிரிட்டனிலோ, ஜெர்மனி, இத்தாலி ஆகியவற்றின் தலையீட்டைச் சுட்டும் சொற்களை நீக்குமாறு தணிக்கையாளர் வலியுறுத்தினர். இரு தரப்புக்கும் ஆயுதம் தருவதில்லை என்று ஐரோப்பிய நாடுகள் ஒப்புக்கொண்ட தலையிடாமைக் கொள்கை ஏட்டளவில் மட்டுமே இருந்த காலத்தில், அவ்வுண்மையைச் சொல்வதே தணிக்கைக்குரிய குற்றமாயிற்று.

தேசியவாதத் தரப்பின் ஒற்றைக் குரல்

தேசியவாதத் தரப்பின் படங்கள் எண்ணிக்கையில் குறைந்தவை. ஆனால் குரலில் ஒன்றுபட்டவை. பெர்லினில் நிறுவப்பட்ட ஹிஸ்பானோ ஃபிலிம் நிறுவனம் ஜெர்மானிய உதவியோடு இயங்கியது. இத்தாலியின் அரசுச் செய்திப்பட நிறுவனமான லூச்சே, முசோலினி அனுப்பிய படைகளோடு தன் கேமராமேன்களையும் அனுப்பியது. 1938 ஏப்ரலில் பிராங்கோவின் அரசு தேசியத் திரைப்படத் துறையை நிறுவி, மானுவேல் அகுஸ்தோ கார்சியா வின்யோலாஸைத் தலைவராக்கி, ‘நோத்திசியாரியோ எஸ்பான்யோல்’ என்னும் செய்திப்படத் தொடரைத் தொடங்கியபின், அத்தரப்பின் காட்சிகள் ஒரே அலுவலகத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தன.

அவ்வலுவலகத்தின் படங்களில் அணிவகுப்பும் நகர்ப்பிரவேசமும் வழிபாடும் திரும்பத்திரும்ப இடம்பெறுகின்றன. எட்கர் நெவில் இயக்கிய ‘பல்கலைக்கழக நகர்’ (1938) என்னும் படம், மாட்ரிட்டின் விளிம்பில் வகுப்பறைகளுக்கும் ஆய்வுக்கூடங்களுக்கும் நடுவே பதுங்குகுழிகள் ஓடிய போர்முனையைக் காட்டுகிறது. கலைத்திறனில் குடியரசுத் தரப்பின் சிறந்த படங்களுக்கு இது தாழ்ந்ததன்று. தாம் வெறுக்கும் கொள்கைக்குப் பணிசெய்த படம் என்பதாலேயே ஒரு படத்தின் கைத்திறனை மறுப்பது ஆய்வாளருக்கு அழகாகாது. கைத்திறன் உயர்ந்தது என்பதாலேயே அதன் கூற்றை ஏற்பதும் அவ்வாறே தகாது.

கேமராவின் தரப்பும் அதைப் பிடித்தவரின் உள்ளமும் ஒன்றாகவே இருக்கும் என்று கொள்வதற்கும் இல்லை. கலீசியாவைச் சேர்ந்த கார்லோஸ் வேலோ, குடியரசின்பால் பற்றுடையவராயிருந்தும், போர் தொடங்கியபோது தேசியவாதப் பகுதியில் அகப்பட்டு, ஸ்பானிய மொரோக்கோவில் ‘ரொமான்செரோ மர்ரோக்கி’ என்னும் படத்தை அத்தரப்புக்காக எடுத்தார். படம் நிறைவுறுமுன் அவர் தப்பிச் சென்றுவிட, எஞ்சிய பணியை எதிர்க்கருத்துடைய பிறர் பெர்லினில் முடித்தனர். வேலோ பின்னர் மெக்சிகோவில் அகதியாக வாழ்ந்து அந்நாட்டுத் திரைப்பட வரலாற்றில் இடம்பெற்றார்.

கைமாறிய காட்சிகள்

இவ்வாய்வின் மையப்பகுதி இதுவே. 1936 ஜூலைக் கடைசியில், பத்திரிகையாளர் மத்தேயோ சாண்டோஸ் அரசின்மைவாதிகளுக்காகப் பார்சிலோனாத் தெருக்களில் எடுத்த ‘பார்சிலோனாப் புரட்சி இயக்கச் செய்தித்தொகுப்பு’ என்னும் ஆவணப்படம் போரின் முதற்படங்களுள் ஒன்று. எரிந்த தேவாலயங்களோடு, ஒரு கன்னிமாடத்தின் கல்லறைகளிலிருந்து வெளியே எடுத்து வாயிலில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்ட கன்னியரின் உலர்ந்த உடல்களையும் அது காட்டியது. அவ்வுடல்கள் திருச்சபைக்குள் நடந்த கொடுமைகளுக்குச் சான்று என்று விளக்கவுரை கூறியது. படத்தை எடுத்தவர்கள் அதைத் தம் புரட்சியின் பெருமிதப் பதிவாகவே கருதினர். அதன் பிரதி எதிர்த்தரப்புக்குக் கிட்டியபோது, அதே காட்சிகள், வேறு விளக்கவுரையோடு, குடியரசு என்பது சமயத்தையும் இறந்தோரையும் இழிவுபடுத்தும் காட்டுமிராண்டிகளின் ஆட்சி என்று உலகுக்குக் காட்டப் பயன்பட்டன. ஒரு சட்டகத்தைக்கூட மாற்ற வேண்டிய தேவை அவர்களுக்கு ஏற்படவில்லை.

ஹோவாகின் ரெய்க் பெர்லினில் தொகுத்த ‘வீர ஸ்பெயின்’ (1938) இம்முறையை ஒரு முழுநீளப் படத்தின் உத்தியாகவே வளர்த்தது. குடியரசுத் தரப்பின் கேமராக்கள் எடுத்த காட்சிகளை மிகுதியாகக் கையாண்டு, எதிரியின் படத்தையே எதிரிக்கு எதிரான குற்றப்பத்திரிகையாக அது மாற்றியது. பரப்புரை என்றால் பொய்க்காட்சி என்று பொதுவாகக் கருதப்படுகிறது. ஆயினும் இங்கே காட்சிகள் உண்மையானவை, அவை எடுக்கப்பட்ட இடமும் உண்மையானது, அவற்றின் அடுக்கும் குரலும் மட்டுமே மாறின. பரப்புரையின் வலிமை பெரும்பாலும் இத்தகைய உண்மைகளின் மீதே நிற்கிறது என்பதைப் பார்வையாளர் மறத்தலாகாது.

சிறைப்பட்டவர்களைப் பற்றிய படங்கள் இன்னொரு இணையான சான்று. தேசியத் திரைப்படத் துறை 1938-இல் வெளியிட்ட ‘போர்க்கைதிகள்’, சிறைப்பட்ட குடியரசுப் படையினர் நன்கு நடத்தப்படுவதாகவும் உழைப்பால் திருந்துவதாகவும் காட்டியது. அதே ஆண்டில் பிரிட்டனைச் சேர்ந்த ஐவர் மாண்டகு எடுத்த ‘தலையிடாமை பற்றிய சாட்சியம்’, குடியரசுத் தரப்பிடம் சிறைப்பட்ட அயல்நாட்டுப் படையினரைக் கேமரா முன் பேசவைத்து, தலையிடாமை பொய் என்று நிறுவ முயன்றது. மாண்டகுவின் படம் மெய்ப்பித்த செய்தி மெய்யே. ஜெர்மானியரும் இத்தாலியரும் ஸ்பெயினில் போரிட்டனர் என்பதில் ஐயமில்லை. எனினும், சிறையிலிருப்பவர் தம்மைச் சிறைப்பிடித்தவரின் கேமரா முன் பேசும் சொல் விடுதலையான சொல்லன்று என்னும் ஐயம் இரு படங்களுக்கும் ஒப்பப் பொருந்தும். ஒரு கூற்று உண்மையாயிருப்பதும், அக்கூற்றைப் பெற்ற முறை நேரியதாயிருப்பதும் இருவேறு வினாக்கள். ஆவணப்பட ஆய்வில் இரண்டையும் தனித்தனியே கேட்க வேண்டும்.

படமாகாதவை

இரு தரப்புப் படங்களையும் சேர்த்து வைத்தாலும் போரின் முழு உருவம் கிடைத்துவிடாது. ஏனெனில் இரு தரப்பும் தத்தம் கொலைகளைப் படமெடுக்கவில்லை. 1936 ஆகஸ்ட் 14 அன்று படாகோஸ் நகரம் பிராங்கோவின் படைகளிடம் வீழ்ந்தபின் அங்கு நிகழ்ந்த படுகொலையின் உடல்களை, பதே செய்திப்பட நிறுவனத்தின் பிரெஞ்சுக் கேமராமேன் ரெனே புரூட் எடுத்தனுப்பினார். அதற்காகத் தேசியவாதத் தரப்பு அவரைச் சிறையிலடைத்தது. அவ்வாண்டு நவம்பரில் மாட்ரிட் சிறைகளிலிருந்து கொண்டுசெல்லப்பட்டவர்கள் பராகுவெய்யோஸ் என்னுமிடத்தில் கூட்டமாகக் கொல்லப்பட்டதை, அதே நாள்களில் மாட்ரிட்டின் வீரத்தை இரவும் பகலும் பதிவுசெய்துகொண்டிருந்த குடியரசுக் கேமராக்கள் காட்டவில்லை.

குவெர்னிகாவின் கதை இதனின் சற்று வேறுபட்டது. 1937 ஏப்ரல் 26 அன்று, சந்தை நாளான திங்கட்கிழமையில், ஜெர்மனியின் கோண்டோர் படைப்பிரிவும் இத்தாலிய விமானங்களும் பாஸ்க் மக்களின் அவ்வூரைக் குண்டுவீசி அழித்தன. பாஸ்க் தன்னாட்சி அரசுக்காக நெமெசியோ சோப்ரெவிலா உருவாக்கிய ‘குவெர்னிகா’ (1937) என்னும் படம் அப்பேரழிவையும் ஏதிலிகளாகச் சென்ற குழந்தைகளையும் உலகின் முன் வைத்தது. குண்டுவீச்சு நடந்து மூன்று நாள்களில் ஊரைக் கைப்பற்றிய தேசியவாதத் தரப்போ, பின்வாங்கிய குடியரசுத் தரப்புப் படையினரே ஊரைக் கொளுத்தினர் என்று கூறி, அதே இடிபாடுகளைத் தன் கூற்றுக்குச் சான்றாக்கியது. இடிந்த சுவரைக் காட்டும் காட்சித்துண்டு சுவர் இடிந்ததை மட்டுமே மெய்ப்பிக்கும். இடித்தது யார் என்பதை, களத்திலிருந்த செய்தியாளர்களின் எழுத்தும் உயிர்தப்பியவர்களின் வாய்மொழியும் அலுவல் ஆவணங்களும் சேர்ந்தே நிறுவ வேண்டியிருந்தது. இங்கு இரு கூற்றுகளையும் ஒப்ப வைத்து நடுவில் நிற்பது நடுநிலை ஆகாது. ஒன்று உண்மை, மற்றது பொய்.

போருக்குப் பின்

போரில் வென்ற தேசியவாதத் தரப்பு படங்களையும் வென்றது. குடியரசுத் தரப்பின் சுருள்கள் கைப்பற்றப்பட்டன. வேறு பல, அகதிகளோடு எல்லை கடந்து அயல்நாட்டுக் காப்பகங்களில் தங்கின. 1945-இல் மாட்ரிட்டின் ரியேரா லேப்பில் மூண்ட தீ, எளிதில் பற்றிக்கொள்ளும் நைட்ரேட் பிலிமில் இருந்த போர்க்காலப் படங்கள் பலவற்றை, தரப்பு வேறுபாடின்றி அழித்தது. 1943 ஜனவரி முதல் ‘நோ-தோ’ என்னும் அரசுச் செய்திப்படத்தைத் திரையரங்குகள் அனைத்தும் கட்டாயமாகக் காட்ட வேண்டியதாயிற்று. அதற்கு மாற்றாக வேறு செய்திப்படம் எதற்கும் இடமில்லை. ஒரு தலைமுறை முழுவதும் போரை ஒரு தரப்பின் கண்ணால் மட்டுமே கண்டு வளர்ந்தது.

அந்நிலையை முதலில் உலுக்கியது நாட்டுக்கு வெளியே பிறந்த படமே. பிரெஞ்சு இயக்குநர் ஃபிரெடெரிக் ரோசிஃபின் ‘மாட்ரிட்டில் மரணம்’ (1963), பல நாட்டுக் காப்பகங்களிலிருந்து இரு தரப்புக் காட்சிகளையும் திரட்டி, குடியரசின்பால் பரிவோடு போரின் வரலாற்றைக் கூறியது. பிராங்கோ அரசு அதைத் தடுக்க முயன்றதோடு, ‘ஸ்பெயினில் மரணம்’ (1965) முதலிய மறுப்புப் படங்களும் எழக் காரணமாயிற்று. படத்துக்குப் படத்தாலேயே விடைசொல்ல வேண்டிய கட்டாயம் ஒரு சர்வாதிகார அரசுக்கும் நேர்ந்தது என்பது ஆவணப்படத்தின் வலிமைக்குச் சான்று. பசிலியோ மார்ட்டின் பத்தினோ ‘கௌதியோ’ படத்தை அதிகாரத்தின் கண்ணுக்கு மறைவாகவே உருவாக்கினார். பிராங்கோவின் வெற்றிக் காட்சிகளையும் எதிர்த்தரப்புக் காட்சிகளையும் எதிரெதிர் நிறுத்திய அப்படம், பிராங்கோ 1975 நவம்பர் 20 அன்று மறைந்தபின் 1977-இல்தான் வெளிவர முடிந்தது.

இரு தரப்பையும் ஒரு படத்துக்குள் கொண்டுவரும் முயற்சிகளில் மிகச் சிறந்தது ஹைமே கமினோவின் ‘லா வியெஹா மெமோரியா’ என்றே கூற வேண்டும். 1977-இல் எடுக்கப்பட்ட அதில், கம்யூனிஸ்ட் தலைவி தொலோரெஸ் இபார்ரூரி, அரசின்மைவாதி ஃபெதெரிகா மோன்செனி, குடியரசுப் படைத்தளபதி என்ரிக்கே லிஸ்தர், கத்தோலிக்க வலதுசாரித் தலைவர் ஹில் ரோப்லெஸ், தேசியவாதத் தரப்பில் நின்ற ஃபலாங்கே இயக்கத்தின் ரைமுந்தோ ஃபெர்னாந்தெஸ் குவெஸ்தா ஆகியோர் தனித்தனியே பேசியவை, ஒருவர் சொன்னதை மற்றவர் கேட்டு மறுமொழி கூறுவது போலப் படத்தொகுப்பில் கோக்கப்பட்டன. ஒரே நாளின் ஒரே நிகழ்ச்சியை ஐவர் ஐந்து விதமாகக் கூறுகையில், பார்வையாளர் யாரை நம்புவது என்ற வினாவை விட்டு, ஒவ்வொருவரும் ஏன் அவ்வாறு நினைவுகூர்கிறார் என்ற வினாவுக்குச் செல்கிறார். கமினோ தம் சார்பை மறைக்கவில்லை. ஆயினும் எதிரியின் சொல்லை முழுமையாகக் கேட்டார். நடுநிலை என்ற சொல்லால் பலரும் குறிக்க விரும்பும் பண்பு இதுவே.

சொல்லப்படாத பகுதி இன்றும் எஞ்சியுள்ளது. போர்க்காலத்திலும் பிராங்கோ ஆட்சியிலும் கொல்லப்பட்டுப் புதைகுழிகளில் இடப்பட்டோரின் உறவினர் நீதி தேடி நடத்தும் போராட்டத்தைப் பதிவுசெய்த ‘பிறரின் மௌனம்’ (2018), 1977-ஆம் ஆண்டின் பொதுமன்னிப்புச் சட்டம் நீதிமன்றக் கதவுகளை எவ்வாறு மூடியது என்பதைக் காட்டுகிறது.

முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, இரு தரப்புக்கும் சம நேரம் தருவதால் ஓர் ஆவணப்படம் நேர்மையானதாகிவிடாது. இரு தரப்பும் கருவியிலும் காப்பகத்திலும் அதிகாரத்திலும் சமமாக இல்லாதபோது, சம நேரம் என்பதே வென்றவருக்குச் சாதகமாகும். இரண்டாவது, சார்பு குற்றமன்று, சார்பை மறைப்பதே குற்றம். ஈவன்ஸ் தம் சார்பை வெளிப்படையாக வைத்தமையால்தான் அவர் படத்தைச் சான்றாக எடைபோட முடிகிறது. மூன்றாவது, ஒரு காட்சித்துண்டின் பிறப்பு வரலாறு, அதாவது எடுத்தவர், எடுத்த இடம், நாள், பணித்தவர், கைமாறிய வழி ஆகியவை, அக்காட்சியோடு பிரியாமல் பேணப்பட வேண்டும்.

போர்க்காட்சிகள் ஒவ்வொருவர் கையிலுள்ள கருவியிலும் பதிவாகிக் கணப்பொழுதில் உலகெங்கும் பரவும் இக்காலத்தில், சாண்டோஸின் சுருளுக்கு நேர்ந்தது ஒவ்வொரு காட்சிக்கும் நேரக் கூடியதே. எனவே படமெடுப்போர் தாம் நின்ற இடத்தைப் படத்திலேயே பதிவுசெய்ய வேண்டும்; காப்பகங்கள் தோற்றவரின் சுருளையும் வென்றவரின் சுருளையும் ஒரே கவனத்தோடு காக்க வேண்டும்; கல்விநிலையங்கள் படம் பார்க்கும் பயிற்சியை எழுத்தறிவுக்கு இணையான பயிற்சியாகக் கற்பிக்க வேண்டும். உள்நாட்டுப் போரில் இறந்தோருக்குப் பின்வந்தோர் செய்யக்கூடிய முதற்கடமை, அவர்களைக் காட்டும் காட்சிகளைப் பொய்க்குப் பயன்படவிடாமல் காப்பதாகும்.